தங்கக் கை

அருப்புக்கோட்டையில் என் பெரியம்மா வீட்டுக்குப் போனால் மூன்று காரியங்கள் தவறாமல் நடக்கும். முழம் முழமாக மல்லிகைப் பூ வரும். தட்டு நிறையச் சேவு வரும். அப்புறம் ஒரு பஞ்சாயத்து வரும். "நீதான் பத்திரிகையிலே எழுதுறவளாச்சே, தாயி! நியாயத்தைச் சொல்லு" என்று பெரியம்மா காலை நீட்டி உட்கார்ந்துவிடுவாள். இந்தத் தடவை பஞ்சாயத்துக்கு வந்த வழக்கு ஒரு பந்து.

பெரியம்மாவின் பேரன், அதாவது என் அண்ணன் மகன், கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறான். படிக்கிறான் என்று நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். சாயங்காலமானால் கால்பந்து, லீவு நாளென்றால் காலையிலும் கால்பந்து. போன மாதம் அவன் வீட்டில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருக்கிறான். ராணுவத்தில் விளையாட்டுக்காரர்களுக்குத் தனியாக ஆள் எடுக்கிறார்களாம். படிப்பை நிறுத்திவிட்டுப் போகப் போகிறானாம்.

"பந்தை உதைச்சா சோறு கிடைக்குமா, தாயி?" என்றாள் பெரியம்மா.

"பந்து மட்டும் இல்லை அப்பத்தா, பட்டாளத்துச் சம்பளமும் சேர்ந்து வரும்" என்றான் அவன், தூணுக்குப் பின்னாலிருந்து.

"நாலு வருஷம் வரும். அப்புறம்?"

பெரியம்மாவைப் படிக்காதவள் என்று நினைத்துப் பேசுகிறவர்கள் ஏமாந்து போவார்கள். 2022-ஆம் ஆண்டில் வந்த அக்னிவீர் திட்டத்தில் சேர்கிறவர்களுக்கு 4 வருஷந்தான் சேவை என்பதும், அவர்களில் நூற்றுக்கு 25 பேர் வரையில்தான் மேற்கொண்டு நிலைக்க முடியும் என்பதும் அவளுக்கு மனப்பாடம். பேரன் வாயை மூடிக்கொண்டான்.

மறுநாள் அவனுக்குத் திருச்சுழிப் பக்கம் ஒரு பந்தயம். "அத்தை, நீங்களே வந்து பாருங்க" என்று என்னை இழுத்துக்கொண்டு போனான்.

அந்தச் சாலையில் போனவர்களுக்குத் தெரியும். கரிசல் மண், கண்ணுக்கெட்டின தூரம் வரை சீமைக் கருவேல மரம், நடுநடுவே மொட்டையாக ஒரு பனை. குண்டாற்றில் தண்ணீரைப் பார்ப்பது அதிர்ஷ்டம். கண்மாய் பெருகினால் அந்த வருஷம் நெல். பெருகாவிட்டால் கம்பும் குதிரைவாலியும். அதுவும் பொய்த்துவிட்டால் பஸ் ஏற வேண்டியதுதான். சிலர் மில்லுக்குப் போனார்கள், சிலர் கடல் தாண்டிப் போனார்கள், சிலர் பட்டாளத்துக்குப் போனார்கள். வீட்டுக் கூடத்தில் காக்கி உடுப்புப் போட்ட ஒரு படம் மாட்டியிருப்பது இந்தப் பக்கத்தில் அதிசயமில்லை.

பந்தயம் நடந்த இடமும் ஒரு வறண்ட கண்மாய்தான். வெடித்த களிமண்ணை மிதித்து மிதித்துச் சமமாக்கியிருந்தார்கள். நாலு கருவேலக் கம்புகளை நட்டு இரண்டு கோல். மழை பெய்யாததால் கிடைத்த மைதானம்! ஊரார் வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட, பையன்கள் மட்டும் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மருமகன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கோலில் நின்றான். அவன் ஆசைப்பட்டது முன்வரிசையில் ஓடி கோல் அடிக்க. "நெட்டையாக இருக்கே, நீ கோலில் நில்லு" என்று சொல்லிவிட்டார்களாம். அதுதான் கோபம்.

எனக்கு அப்போதுதான் ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. இதே திருச்சுழியில் 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி ஒரு குழந்தை பிறந்தது. வேங்கடராமன் என்று பெயர். தகப்பனார் காலமான பிறகு மதுரையில் சிற்றப்பா வீட்டில் தங்கி அமெரிக்கன் மிஷன் பள்ளியில் படித்தான். பாடத்தில் அவ்வளவு நாட்டமில்லை. கால்பந்திலும் குஸ்தியிலும் கெட்டிக்காரன். அவன் எந்தக் கட்சியில் சேர்கிறானோ அந்தக் கட்சிதான் ஜெயிக்கும் என்று கூடப் படித்த பையன்கள் கண்டுகொண்டு, அவனுக்குத் "தங்கக் கை" என்று பட்டப் பெயர் வைத்துவிட்டார்கள். 1896-இல் பள்ளிக்கூடத்தையும் பந்தையும் விட்டுவிட்டுத் திருவண்ணாமலைக்கு ரயில் ஏறிப் போன அந்தப் பையனைத்தான் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தது. கௌபீனமும் கைத்தடியுமாகப் படத்தில் பார்த்தவர்களுக்கு, அவர் பந்தின் பின்னால் ஓடியதை நினைத்துப் பார்ப்பது கொஞ்சம் கஷ்டந்தான்!

ஆனால் பந்தையும் உடுப்பையும் சேர்த்துப் பார்த்த மருமகனுக்கு மகரிஷியைச் சொல்லி என்ன பயன்? அவனுக்கு நான் வேறொரு தங்கத்தைப் பற்றிச் சொல்லத் தீர்மானித்தேன். ராத்திரி சாப்பாடு ஆனதும் முற்றத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். பெரியம்மா, தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் பூக்கட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

இந்தியாவுக்குக் கால்பந்து வந்ததே பட்டாளத்தோடுதான். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குச் சண்டை இல்லாத நாட்களில் பொழுது போக வேண்டும், உடம்பும் கெடக்கூடாது. 1888-இல் சிம்லாவில் மார்ட்டிமர் டுராண்ட் என்ற அதிகாரி ஒரு கோப்பை கொடுத்தார். அதற்கு ஆடியவை எல்லாம் பிரிட்டிஷ் படைப் பிரிவுகள். நம்மவர்கள் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தார்கள். பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார்கள் போலிருக்கிறது. 1911-இல் கல்கத்தாவில் மோகன் பகான் சங்கத்தார், ஒருவரைத் தவிர மற்றவர்களெல்லாம் வெறுங்காலோடு ஆடி, ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்டை 2-1 என்று தோற்கடித்தார்கள். டுராண்ட் கோப்பையை ஓர் இந்தியக் கட்சி ஜெயிக்க 1940 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில் ஹைதராபாத்தில் ஒரு குழந்தைக்கு நாலு வயது. பீட்டர் தங்கராஜ்.

பிறந்தது 1935 டிசம்பர் 24-ஆம் தேதி. ஹைதராபாத்தை ஒட்டிய செகந்திராபாத்தில் அக்காலத்தில் பெரிய ராணுவப் பாசறை உண்டு. பட்டாளத்தைத் தொடர்ந்து போய்க் குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் ஏராளம். அங்கே மார்னிங் ஸ்டார், பிரெண்ட்ஸ் யூனியன் என்ற சங்கங்களில் தங்கராஜ் பந்தாடக் கற்றார். 1953-இல் ராணுவத்தில் சேர்ந்தார். நீலகிரி வெலிங்டனில் இருக்கிறதே மதராஸ் ரெஜிமெண்டின் தலைமைப் பயிற்சி நிலையம், அதன் கட்சியில் ஆட ஆரம்பித்தார்.

"கோலிலா?" என்று கேட்டான் மருமகன்.

"இல்லை, முன்வரிசையில், நடுவில். கோல் அடிக்கிற இடத்தில்" என்றேன்.

நிமிர்ந்து உட்கார்ந்தான்.

ஆறடிக்கு மேல் வளர்ந்த ஆள். கை நீளம். பந்து காற்றில் வரும்போது மற்றவர்கள் தலையை நீட்டுகிற உயரத்தில் அவர் கை இருக்கும். கோல் அடிக்க வந்தவர் கோலைக் காக்கப் போனார். ராணுவத்தில் இடத்தை மாற்றிக்கொள் என்றால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்க முடியாதல்லவா! இதைச் சொல்லும்போது நான் மருமகனைப் பார்க்கவில்லை, பெரியம்மாதான் பார்த்தாள்.

கோல் காவல் என்பது என்ன வேலை என்று நினைக்கிறீர்கள்? நம் சமையலறை வேலைதான். வருஷம் பூராவும் சாம்பார் நன்றாக இருந்தால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஒரு நாள் உப்புக் கூடினால் வீடு முழுவதும் பேச்சு. தொண்ணூறு நிமிஷத்தில் இருபது பந்தைப் பிடித்தவனை விட்டுவிட்டு, கைநழுவிய இருபத்தோராவது பந்தைத்தான் ஊர் பேசும். அந்த இடத்தில் நிற்பதற்குக் கையைவிட மனசு உறுதியாக இருக்க வேண்டும்.

தங்கராஜுக்கு இரண்டும் இருந்தன. 1955-இல் மதராஸ் ரெஜிமெண்ட் நிலையம் டுராண்ட் கோப்பையை ஜெயித்தது, 1958-இல் மறுபடியும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் தங்களுக்குள் ஆடிக்கொள்வதற்கு ஏற்பட்ட கோப்பை, மதராஸ் சிப்பாய்கள் கைக்கு வந்துவிட்டது. 1960-இல் தங்கராஜின் தலைமையில் சர்வீஸஸ் கட்சி முதன்முறையாக சந்தோஷ் கோப்பையைப் பெற்றது.

இதற்கிடையில் இந்தியாவுக்காகவும் ஆடினார். 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நம்மவர்கள் யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றுத் திரும்பியிருந்தார்கள். அதன் பிறகு வெறுங்காலை விட்டு பூட்ஸுக்கு வந்த தலைமுறை தங்கராஜுடையது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நாலாவது இடம்! இன்றைக்குச் சொன்னால் நம்புகிறவர்கள் குறைவு. 1960 ரோமாபுரியில் பிரான்சோடு 1-1 என்று சமம். 1958-இலேயே ஆசியாவின் சிறந்த கோல் காவலர் என்று தங்கராஜுக்குப் பெயர் வந்துவிட்டது.

"அவங்க ஊரிலே மழை பெய்யுமா?" என்று கேட்டாள் பெரியம்மா திடீரென்று. யார் கதையைக் கேட்டாலும் பெரியம்மா முதலில் விசாரிப்பது அதைத்தான்.

இனி ஜகார்த்தாவுக்கு வரவேண்டும். 1962 செப்டம்பர் 4-ஆம் தேதி. ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டம், எதிரே தென் கொரியா. அதே கொரியாவிடம் சில நாட்களுக்கு முன்புதான் இந்தியா 2-0 என்று தோற்றிருந்தது. பயிற்சியாளர் ரஹீம் ஹைதராபாத்துக்காரர். புற்றுநோய் அவரை அரித்துக்கொண்டிருந்தது. பின்கட்டில் ஆடும் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. தங்கராஜ் காய்ச்சலில் படுத்திருந்தவர். முந்தைய ஆட்டங்களில் பர்மன் என்ற இளைஞர் கோலில் நின்றிருந்தார்.

இவ்வளவும் போதாதென்று ஊரே பகையாக இருந்தது. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் அனுமதி கொடுக்காததை இந்தியாவைச் சேர்ந்த ஒலிம்பிக் அதிகாரி சோந்தி ஆட்சேபித்தார். அந்தக் கோபத்தில் கூட்டம் நம் தூதரகத்தைத் தாக்கியது. விளையாட்டு அரங்கத்தில் லட்சம் பேர் என்கிறார்கள். இந்தியர் காலில் பந்து பட்டாலே ஊளை. அந்த இரைச்சலில் நம் பக்கம் கை தட்டியவர்கள் யார் தெரியுமா? பாகிஸ்தானின் ஹாக்கி ஆட்டக்காரர்கள்!

ரஹீம் துணிந்து இரண்டு காரியம் செய்தார். தையல் போட்ட தலையோடு ஜர்னைலை முன்வரிசைக்கு அனுப்பினார். காய்ச்சலிலிருந்து எழுந்த தங்கராஜைக் கோலில் நிறுத்தினார். 17-ஆவது நிமிஷத்தில் பி.கே. பானர்ஜி ஒரு கோல். மூன்று நிமிஷம் கழித்து ஜர்னைல் ஒரு கோல். அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் காக்க வேண்டியதுதான் மிச்சம். ஆட்டம் முடியும் தறுவாயில் கொரியர்கள் ஒரு கோல் போட்டார்கள். இன்னொன்று போட முடியவில்லை. 2-1. தங்கம் நமக்கு.

ரஹீம் அடுத்த வருஷம், 1963 ஜூனில், காலமானார். ஆசிய விளையாட்டில் நம் நாட்டின் கால்பந்துக் கட்சி அதற்குப் பிறகு தங்கம் பெறவேயில்லை. 2024-இல் 'மைதான்' என்று ஓர் இந்திப் படம் இந்தக் கதையைச் சொல்லியது.

தங்கராஜ் ராணுவத்துக்குப் பிறகு கல்கத்தாவின் மூன்று பெரிய சங்கங்களான முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் எல்லாவற்றிலும் ஆடினார். 1967-இல் அர்ஜுனா விருது கிடைத்தது. ஆட்டத்தை விட்ட பிறகு பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். கடைசியில் பொகாரோ இரும்பாலை நகரத்தில் இருந்தார். அங்கேயே 2008 நவம்பர் 24-ஆம் தேதி காலமானார்.

"அப்போ, பந்து சோறு போட்டிருக்கு" என்றான் மருமகன்.

பெரியம்மா பூவை முடிந்து பக்கத்தில் வைத்தாள். "அந்தப் பிள்ளை நல்லா இருந்துச்சு, சரி. சண்டைன்னு ஒண்ணு வந்தா? பந்து ஆடுறவன்னு துப்பாக்கி பார்த்துச் சுடுமா?"

இந்தக் கேள்விக்குத் தங்கராஜின் கதையில் பதில் இல்லை. சீமையில் இருக்கிறது. மறைக்காமல் அதையும் சொன்னேன்.

டுராண்ட் கோப்பை பிறந்த அதே 1888-ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் கடலோரமான போக்ஸ்டன் என்ற ஊரில் வால்டர் டல் பிறந்தான். தகப்பனார் பார்படோஸ் தீவிலிருந்து வந்த கறுப்புத் தச்சர், தாயார் வெள்ளைக்காரி. வால்டருக்கு ஏழு வயதில் தாய் போனாள். தகப்பனார், இறந்துபோன மனைவியின் உறவிலேயே ஒருத்தியை மறுமணம் செய்துகொண்டார். இரண்டு வருஷத்தில் அவரும் போனார். வீடு நிறையக் குழந்தைகளை வைத்துக்கொண்டு அந்தச் சின்னம்மா என்ன செய்வாள்? எட்வர்ட், வால்டர் என்ற இரண்டு பையன்களை லண்டனில் ஓர் அநாதை இல்லத்தில் சேர்த்தாள். அங்கேயிருந்து எட்வர்டைக் கிளாஸ்கோ நகரத்துக் குடும்பம் ஒன்று சுவீகாரம் எடுத்துக்கொண்டது. அவன் பின்னாளில் பல் டாக்டரானான். வால்டர் தனியாக நின்றான். அவனோடு இருந்தது பந்து.

1909-இல் டாட்டன்ஹாம் என்ற பெரிய சங்கம் அவனை எடுத்துக்கொண்டது. அதே வருஷம் பிரிஸ்டலில் ஆடும்போது கூட்டத்தில் ஒரு பகுதி அவன் நிறத்தைச் சொல்லி வாயில் வராத வசையெல்லாம் வைதது. மைதானத்தில் இருந்தவர்களில் மிக நல்ல முன்வரிசை ஆட்டக்காரன் அவன்தான் என்று ஒரு பத்திரிகைக்காரர் எழுதினார்; இருந்தாலும் கொஞ்ச நாளில் அவனை இரண்டாம் கட்சிக்குத் தள்ளிவிட்டார்கள். பிறகு நார்த்தாம்டன் சங்கத்துக்குப் போய் நூறு ஆட்டங்களுக்கு மேல் ஆடினான்.

1914-இல் யுத்தம் வந்தது. கால்பந்துக்காரர்களுக்கென்றே ஒரு படைப் பிரிவு திரட்டினார்கள். வால்டர் அதில் சேர்ந்து சார்ஜெண்ட் ஆனான். சோம் போர்க்களத்தைப் பார்த்தான். காய்ச்சலில் விழுந்து எழுந்தான். கலப்பில்லாத ஐரோப்பிய வம்சத்தார்தான் அதிகாரியாகலாம் என்று ராணுவ விதி இருந்தும், 1917-இல் அவனுக்கு இரண்டாம் லெப்டினண்ட் பதவி கிடைத்தது. இத்தாலியில் பியாவே நதியைத் தாண்டி 26 பேரை எதிரிகள் பக்கம் கூட்டிக்கொண்டு போய், ஒருவருக்கும் சேதமில்லாமல் திருப்பிக் கூட்டி வந்தான். மேஜர் ஜெனரல் அவன் பதறாத நெஞ்சைப் பாராட்டி எழுதினார்.

1918 மார்ச் 25-ஆம் தேதி பிரான்சில் அவன் மேல் குண்டு பாய்ந்தது. பில்லிங்ஹாம் என்ற சிப்பாய், அவனும் லெஸ்டர் ஊருக்காகக் கோலில் நின்றவன்தான், வால்டரை இழுத்துக்கொண்டு வரப் பார்த்தான். முடியவில்லை. உடல் கிடைக்கவேயில்லை. அர்ராஸ் நகரத்து நினைவுச் சுவரில் பெயர் மட்டும் இருக்கிறது. வயது முப்பது நிறையவில்லை.

முற்றத்தில் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. எதிர் வீட்டு டெலிவிஷனில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள்.

"இருபத்தாறு பேரையும் கூட்டிட்டு வந்துட்டானா?" என்றாள் பெரியம்மா.

"வந்துட்டான், பெரியம்மா."

"பெத்தவளும் இல்லை. அவனைக் கூட்டிட்டு வரத்தான் ஆள் இல்லாமப் போச்சு."

பில்லிங்ஹாமைப் பற்றி மறுபடியும் சொல்லலாமா என்று வாயெடுத்தேன். வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

பக்கத்து வீட்டுச் சிறுமி, எட்டாம் வகுப்பு, கதை முழுவதையும் திண்ணையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தவள், "பொம்பளைப் பிள்ளைங்க ஆட மாட்டாங்களா?" என்று கேட்டாள். அவளுக்குக் கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசனைப் பற்றிச் சொன்னேன். அவர் தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர், நாட்டுக்காகவும் ஆடியவர். 2018-இல் தமிழ்நாட்டுப் பெண்கள் முதன்முறையாகத் தேசியக் கோப்பையை ஜெயித்தபோது அந்தக் கட்சியில் இருந்தவர். கொரோனா பரவிய 2020-இல் பந்தை வீட்டில் வைத்துவிட்டுச் சென்னைத் தெருவில் காவல் நின்றவர். சிறுமி அவர் பெயரை மட்டும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பார்த்தேன். கொல்லையில் மருமகன் கல்லில் கையுறையைக் கசக்கிக்கொண்டிருந்தான். கண்மாய் மண் தண்ணீரில் கறுப்பாக ஓடியது. கையுறையில் கட்டை விரல் பக்கம் தையல் விட்டிருந்தது.

பெரியம்மா வாசற்படியில் உட்கார்ந்து, "டிகிரியை முடி. இன்னும் ஒரு வருஷம். அப்புறம் பேசிக்குவோம்" என்றாள்.

"அப்பத்தா, அப்போ..."

"பேசிக்குவோம்னுதான் சொன்னேன். போகச் சொல்லலை. அதை இங்கே குடு, காயட்டும், தைக்கிறேன்."

பிறகு என்னைப் பார்த்து, "தாயி, பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்குல்ல? எனக்குக் கண்ணு தெரியலை. ஊசியிலே இந்த நூலைக் கோத்துக் குடுத்துட்டுப் போ" என்றாள்.